திருப்பி எழுதாத அட்டவணை

ஓர் அட்டையை நான் கிழித்துப் போட்டேன். பிறகு, அதை எனக்கு எழுதிக் கொடுத்தவர் எதிரிலேயே, ஆறேழு அதிகாரிகள் உட்கார்ந்திருந்த அறையில், "அப்படி ஒன்று எனக்கு வந்ததாக ஞாபகம் இல்லை" என்று சொன்னேன். கிழித்ததற்கும் சொன்னதற்கும் இடையில் முக்கால் மணி நேரம் இருந்தது. மனம் மாறுவதற்கு அது தாராளமான நேரம். நான் அதை டீ குடிப்பதில் செலவழித்தேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. கல்கத்தாவில் கார்டன் ரீச் பக்கம் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரம் அது. அதற்கு வியர்க்கக் கூடாது என்பதற்காக அறையைக் குளிரவைத்திருந்தார்கள். கல்கத்தாவின் மே மாதத்தில் ஊரே பனியனோடு உட்கார்ந்திருக்க, நாங்கள் மட்டும் டிபன் டப்பாவோடு ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவோம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் எங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

பிரிவுக்குள் இரண்டு கட்சிகள். ஊழியர்களின் பெயர், விலாசம், விடுப்பு என்று அலுவலகக் காரியம் பார்த்தவர்கள் கோபோல் மொழியில் புரோகிராம் எழுதுவோம். கணக்கீடு செய்பவர்கள் ஃபோர்ட்ரான். நான் முதல் கட்சி. இரண்டாவது கட்சியில் ஒரு தமிழ்ப்பெண் இருந்தார். தாத்தா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்ட குடும்பம். லேக் கார்டன்ஸில் வீடு. புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முப்பது வயது இருக்கும், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். தமிழைப் பாதி வங்காளத்தில் பேசுவார். எல்லாரையும் போல என்னையும் தாதா என்றுதான், வங்காளத்தில் அண்ணன், கூப்பிடுவார்.

"உங்க புரோகிராம் படிச்சேன் தாதா. ரேஷன் கார்டுக்கு மனு போட்ட மாதிரி இருக்கு. நாலு பக்கம் போயும் வேலை ஆரம்பிக்கல."

"உங்களுது தந்தி மாதிரி இருக்கு. யார் செத்தாங்கன்னே புரியல."

"தூர், போங்க! தந்தி சீக்கிரம் போய்ச் சேரும். உங்க மனு எந்த மேஜையில தூங்குதோ!"

அவர் சொன்னதில் தப்பில்லை. என் மொழியில் இரண்டு எண்களைக் கூட்ட வேண்டுமென்றால் முதலில் பிரிவுகள் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தலைப்புப் போட்டு, எண்களுக்குப் பெயர் சூட்டி, அவை எத்தனை இலக்கம் என்று அறிவித்த பிறகுதான் கூட்டலாம். வாக்கியம் முடிந்தால் முற்றுப்புள்ளியும் வைக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. நான் அரசாங்கக் கடிதங்கள் எழுதிப் பழகிய குடும்பத்தில் பிறந்தவன்.

இந்த இரண்டு மொழிகளையும் ஒன்றாக உட்காரவைக்கும் வேலை ஒன்று வந்தது. ஊழியர்களை அழைத்துவரும் பஸ்கள் எந்த வரிசையில் எங்கெங்கே நின்று ஆளேற்ற வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது என் புரோகிராமுக்குத் தெரியும். எந்த வரிசையில் போனால் நேரம் மிச்சம் என்பதை அவருடைய புரோகிராம் கணக்கிடும். என்னுடையது விவரங்களை ஒரு காந்த நாடாவில் எழுதித் தர வேண்டும். அவருடையது அதைப் படித்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு இவ்வளவுதான்.

முதல் இரண்டு வாரம் எண்களோடேயே போனது. என் மொழி பன்னிரண்டை, நாம் காகிதத்தில் எழுதுவது போல ஒன்று, இரண்டு என்று எழுத்தாக வைக்கும். அவர் மொழி அதே பன்னிரண்டைத் தனக்கு மட்டும் புரியும் வேறு உருவத்தில் எதிர்பார்க்கும். நாங்கள் இணைத்து ஓட்டிய முதல் நாள், லேக் கார்டன்ஸிலிருந்து டாலிகஞ்ச் பல கோடி மைல் தூரம் என்று அச்சடித்து வந்தது.

"பாபா ரே! இந்த பஸ்ஸுல ஏறினா அடுத்த ஜென்மத்துலதான் ஆபீஸ்" என்றார் அவர்.

"அப்பவும் கேட்ல லேட் மார்க் போடுவாங்க" என்றேன் நான்.

அந்தச் சிக்கலை இருவரும் சேர்ந்தே தீர்த்தோம். உண்மையைச் சொன்னால், என் உத்தியோக வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தது அந்த இரண்டு வாரங்கள்தான்.

அடுத்தது அட்டவணை. பதினெட்டு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தூரம் என்று ஒரு சதுர அட்டவணை. இங்கேதான் இரண்டு மொழிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் அப்போது இரண்டு நாட்காட்டிகள் இருந்தன. ஒன்றில் தேதிகள் குறுக்கே ஓடும். இன்னொன்றில் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் மேலிருந்து கீழே முடித்துவிட்டுத்தான் திங்கட்கிழமைக்கு வருவார்கள். கோபோல் முதல் நாட்காட்டி. ஃபோர்ட்ரான் இரண்டாவது. நான் குறுக்கே எழுதி அனுப்பினால் அவருடைய புரோகிராம் அதை மேலிருந்து கீழாக நிரப்பிக்கொள்ளும். அட்டவணை அப்படியே திரும்பிவிடும். 'இங்கிருந்து அங்கே' என்பது 'அங்கிருந்து இங்கே' ஆகிவிடும்.

இதற்கு எங்கள் மேலாளர் ஏற்கெனவே ஒரு விதி வைத்திருந்தார். இரண்டு புரோகிராம்கள் சேரும் இடத்தில், கொடுப்பவர்தான் வாங்குபவரின் வடிவத்தில் கொடுக்க வேண்டும். அதன்படி, திருப்பி எழுத வேண்டியவன் நான். அந்தப் பெண் அதை நினைவுபடுத்தி, இயந்திரத்துக்குப் புரோகிராமை ஊட்ட ஓட்டை போடும் அட்டைகளில் வீணாய்ப்போன ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். எங்களுக்கு எல்லாக் குறிப்புக்கும் அந்த அட்டைதான். என் மனைவியின் மளிகைச் சாமான் பட்டியல்கூட அதில்தான் இருக்கும்.

நான் திருப்பவில்லை. அதற்கு என் மொழியில் இன்னும் ஒரு பக்கம் எழுத வேண்டும். முதலில் சும்மா ஓட்டித்தான் பார்ப்போமே என்று ஓட்டினேன். விடை சரியாக வந்தது. காரணம் மிகச் சாதாரணமானது. எங்களிடம் அப்போது இருந்தது வரைபடத்திலிருந்து எடுத்த தூரங்கள். லேக் கார்டன்ஸிலிருந்து டாலிகஞ்ச் எவ்வளவு தூரமோ, டாலிகஞ்சிலிருந்து லேக் கார்டன்ஸும் அவ்வளவுதான். அப்படிப்பட்ட அட்டவணையை எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். எனக்கு அது உறைக்கவில்லை. அந்தப் பெண் தேவையில்லாமல் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அட்டவணையைத் திருப்பிட்டீங்களா தாதா?"

"எல்லாம் ஆச்சு."

"டீக் ஆச்சே? சரியா இருக்கா? சத்தியமா?"

"சத்தியமெல்லாம் எதுக்கு? ஓடுது பாருங்க."

நான்கு மாதம் ஓடியது. மேலாளர் மகிழ்ந்துபோனார். பெங்களூரில் ஆறு மாதப் பயிற்சி ஒன்றுக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணின் பெயரை எழுதி அனுப்பினார். பயிற்சி முடித்து வந்தால் கணக்கீட்டுப் பிரிவுக்கு அவர்தான் தலைமை. எங்கள் அலுவலகத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் எதற்கும் தலைமை வகித்ததில்லை. அவர் கரியாஹாட் கடைத்தெருவில் புதிதாக ஒரு சூட்கேஸ் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டோம்.

அந்தச் சமயம் நிலத்தடி ரயிலுக்காகத் தெற்குக் கல்கத்தாவைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இன்று இருந்த தெரு நாளை பள்ளமாகியிருக்கும். பல தெருக்கள் ஒருவழிப் பாதையாகிவிட்டன. போவது எட்டு நிமிஷம், சுற்றிக்கொண்டு திரும்புவது முப்பத்தைந்து நிமிஷம். இனி தூரத்தை வைத்துப் பயனில்லை, நிமிஷங்களை வைப்போம் என்று முடிவாயிற்று. டிரைவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதித் தந்த நிமிஷங்களை என் புரோகிராமில் ஏற்றினோம். புதிய பாதைகள் அச்சாகி வந்தன. திங்கட்கிழமை காலை பஸ்கள் அதன்படி புறப்பட்டன.

எட்டு நிமிஷம் என்று நம்பி அனுப்பிய இடமெல்லாம் முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. ஒரு பஸ் பவானிபூரை இரண்டு முறை சுற்றியது. இன்னொன்றில் இருந்தவர்கள், எதிரே தங்கள் வீட்டு வாசலையே மறுபடி கடந்து போனதாகச் சொன்னார்கள். ஒருவர் ஜன்னல் வழியாகத் தன் மனைவிக்குக் கையசைத்தாராம். மூன்று பஸ்கள் கேட் மூடிய பிறகு வந்து சேர்ந்தன. அத்தனை பேருக்கும் அரை நாள் விடுப்பு போயிற்று. யூனியன்காரர்கள் மேலாளர் அறையை முற்றுகையிட்டார்கள். டிரைவர்கள் ஜாலியாக இருந்தார்கள். யார் என்ன கேட்டாலும் "கம்ப்யூட்டர் போலேச்சே" என்றார்கள். கம்ப்யூட்டர் சொன்னது, நாங்கள் போனோம்.

பதினொரு மணிக்கெல்லாம் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. புரோகிராமின் வயிற்றுக்குள் இருந்த அட்டவணையை அப்படியே அச்செடுத்துப் பார்த்தேன். போகும் நிமிஷங்கள் எல்லாம் வரும் கட்டத்தில் உட்கார்ந்திருந்தன. அந்தப் பெண் எழுதிக் கொடுத்த அட்டையை என் கையேட்டுக்குள் தேடி எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போனேன். அந்த அட்டை கெட்டியானது. ஒரே இழுப்பில் கிழியாது. எட்டுத் துண்டாகக் கிழித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு விசாரணை. தவறு எந்தப் பக்கம் என்று மேலாளர் கேட்டார். அட்டவணை திரும்பியிருக்கிறது என்று அந்தப் பெண்ணே சொன்னார். திருப்பித் தரும்படி எனக்கு எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னார். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் ஞாபகம் இல்லை என்றேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"தாதா, ஓரத்துல பச்சைக் கோடு போட்ட அட்டை. டிபன் டப்பாவுக்கு அடியில வெச்சீங்களே, காத்துல பறக்கக் கூடாதுன்னு."

நான் ஆங்கிலத்தில், "ஐ டோண்ட் ரிமெம்பர்" என்றேன்.

மேலாளர் அவரிடம் கேட்டார்: "அம்மா, நீங்கள் நினைத்திருந்தால் உங்கள் பக்கத்திலேயே அதைத் திருப்பிப் படித்துக்கொண்டிருக்க முடியாதா?"

"முடியும் சார்" என்றார் அவர்.

முடியாது என்று சொல்லியிருந்தால், அது பொய் என்று அந்த அறையில் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் தீர்ப்பு எழுதினார்கள். பெங்களூருக்கு வேறு ஒருவர் போனார். அந்தப் பெண்ணை அட்டையில் ஓட்டை போடும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக மாற்றினார்கள். மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களை அட்டையில் ஏற்றித் தரும் இடம் அது. பஸ்களை டிரைவர்களின் போக்குக்கே விட்டுவிட்டார்கள்.

அதன்பின் எட்டு மாதம் நான் அந்தப் பிரிவுக்கு என் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் சுளித்ததில்லை. ஒரு பதிவேடு வைத்திருந்தார். எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் கையெழுத்து. ஒரு நாள் என் தாளில் இருந்த பிழையை அவரே திருத்தி, திருத்திய விவரத்தையும் எழுதி என்னிடம் நீட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்து தாதா. இந்த ஆபீஸ்ல ஞாபக மறதி ஜாஸ்தி, பாருங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை லேக் கார்டன்ஸில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மா காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார். அட்டை வந்தது, படித்தேன், திருப்பவில்லை, பொய் சொன்னேன், கிழித்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். என் மொழியில் எழுதியது போல ஒவ்வொன்றுக்கும் முற்றுப்புள்ளி வைத்துச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"கிழிச்சது எனக்குப் புதுசு. மத்ததெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே தாதா? எழுதிக் கொடுத்தவளே நான்தான். என்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகும்? யாருக்குத் தெரியலையோ அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

திங்கட்கிழமை மேலாளரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை வெகுநேரம் அன்போடு பார்த்தார்.

"நீங்கள் மதராஸ்காரர்கள் ஒருவருக்கு ஒருவர் எவ்வளவு அனுசரணை! அவருக்காக நீங்கள் பழியை ஏற்றுக்கொள்ள வந்திருக்கிறீர்கள். மிகப் பெரிய மனது. ஆனால் கோப்பு மூடியாகிவிட்டது."

"இல்லை சார், அட்டையை நானே கிழித்தேன்."

"புரிகிறது, புரிகிறது" என்றார். என்ன புரிந்ததோ. இரண்டு நாளில் அலுவலகம் முழுக்கப் பரவியது. விட்டுவிடக் கூடாது என்று கேன்டீனில் நின்று, என் ஓட்டை வங்காளத்தில் எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. என்ன ஒரு கனவான் என்று பேசிக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். தப்பு அந்தப் பெண்ணுடையதுதான் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதியாகிவிட்டது.

அவர் பதிவேட்டோடு வந்து நின்றார்.

"வாழ்த்துகள் தாதா. நீங்க மகான் ஆயிட்டீங்க. நான் இன்னும் முட்டாள்தான், இப்ப எல்லாரும் பாவப்படுற முட்டாள்."

"நான் என்ன செய்யட்டும்? நிஜத்தைத்தான் சொன்னேன். நம்ப மாட்டேங்கறாங்க."

"பேசினா நம்ப மாட்டாங்க. நீங்க அன்னைக்குப் பேசித்தானே நம்பவெச்சீங்க? மெஷினைப் பேசச் சொல்லுங்க."

பழைய புரோகிராம் அட்டைகள் பெட்டியோடு அலமாரியில் கிடந்தன. யாரும் தொடவில்லை. இயந்திரத்தில் நேரம் ஒதுக்கக் கேட்டு மூன்று வாரம் காத்திருந்து, டிரைவர்கள் கொடுத்த அதே நிமிஷங்களை வைத்து முதலில் என் புரோகிராமை இருந்தபடியே ஓட்டினேன். அந்தத் திங்கட்கிழமையின் பாதைகள் எழுத்துப் பிசகாமல் வந்தன. பிறகு எழுதாமல் விட்ட அந்த ஒரு பக்கத்தை எழுதிச் சேர்த்து ஓட்டினேன். அவருடைய புரோகிராமில் ஓர் அட்டையைக்கூட மாற்றவில்லை. இரண்டு தாள்களையும் கேன்டீன் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் குத்திவைத்தேன். முதல் தாளின் மேல், 'என் புரோகிராம், நான் விட்டபடி' என்றும், இரண்டாவதின் மேல், 'அதே புரோகிராம், அவர் எழுதிக் கொடுத்தபடி' என்றும் எழுதி, கீழே கையெழுத்திட்டேன்.

அதிகாரிகளுக்கு அது புரிந்ததா என்று தெரியாது. டிரைவர்களுக்குப் புரிந்தது. அவர்கள் நான்கைந்து பேர் பலகை முன் நின்று இரண்டாவது தாளில் விரல் வைத்து ஒவ்வொரு நிறுத்தமாகப் படித்தார்கள். "இது நாங்கள் தினமும் போகிற வழி" என்றார் ஒருவர். "இதை யார் சொன்னது?" என்னைப் பார்த்தார்கள். நான் அந்தப் பெண் இருக்கும் பிரிவைக் காட்டினேன். அப்போது அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை ஏதும் இல்லை. டீக்கடைக்காரரும் அன்றோடு பழையபடி ஆனார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மேலாளர் இரண்டு தாள்களையும் எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. மூடிய கோப்பு திறந்தது. என் பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அந்தப் பெண் புரோகிராம் எழுதும் வேலைக்குத் திரும்பினார். ஆனால் பெங்களூர் போய்விட்டு வந்தவர் ஏற்கெனவே கணக்கீட்டுப் பிரிவுக்குத் தலைமையாகிவிட்டிருந்தார். அவரை இறக்க விதியில் இடமில்லை. பிற்பாடு அந்தப் பயிற்சிக்கு மறுபடி ஓர் இடம் வந்தபோது, அந்தப் பெண்ணை அனுப்பும்படி நான் மனு எழுதினேன், நான்கு பக்கம். சேமிப்புக் கிடங்கிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். அவர் அதுவரை எங்கள் குளிர் அறைக்குள் வந்ததே இல்லை. ஸ்வெட்டர்கூட இரவல் வாங்கிக்கொண்டு போனார்.

அந்தப் பெண் இன்னும் இரண்டு வருஷம் இருந்தார். என்னோடு சேர்ந்து வேலை செய்ய நேர்ந்தபோதெல்லாம் செய்தார். சோதனைக்கு நான் தரும் எண்களை அவரே பார்த்து, போவதும் வருவதும் வேறு வேறாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் ஓட்டுவார். பிறகு ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தரும் வேலை கிடைத்துப் போய்விட்டார். எங்களிடம் இருந்திருந்தால் என்னவாகியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதை நாங்கள் பேசியதில்லை.

அவருடைய வழியனுப்பு விழாவில் ஒவ்வொருவராக எழுந்து இரண்டு வார்த்தை சொன்னார்கள். எல்லாருக்கும் முன்னால், சரியான ஆங்கிலத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நானும் எழுதிக் கொண்டுவந்திருந்தேன். என் முறை வந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். பக்கத்தில் இருந்த அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"வேண்டாம் தாதா, உக்காருங்க. நீங்க பேசினா மறுபடியும் உங்களுக்குத்தான் நல்ல பேர் வரும்."

உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம் எல்லாரும் என்னைப் பார்த்துக் காத்திருந்தார்கள். பிறகு எனக்கு அடுத்தவர் எழுந்து பேசினார்.